சத்தம் போடாத பிழை

2010 இல், ஏ9 பாதை திறந்து சில மாதங்களுக்குள், கொழும்பிலிருந்து ஒரு லொறியில் பன்னிரண்டு கணினிகள் வந்து இறங்கின. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் நான் படிப்பித்துக்கொண்டிருந்த சிறிய பயிற்சி நிலையத்துக்கு வாங்கியவை. எல்லாம் பாவித்தவை. எல்லாவற்றுக்கும் ஒரே கறுப்புப் பெட்டி, ஒரே 'கோர் 2 டுவோ' ஒட்டுத்தாள். "எல்லாம் ஒரே சாமான் தம்பி" என்று விற்றவர் தொலைபேசியில் சொன்னார். நம்பினேன்.

அடுத்த கிழமை லினக்ஸ் வகுப்பு. ஒரு கணினிக்குள் இன்னொரு கணினி எப்படி ஓடும் என்று காட்டுவதற்காக, வேர்ச்சுவல்பொக்ஸ் மென்பொருளைப் போட்டு அதற்குள் 64 பிற் லினக்ஸை நிறுவச் சொன்னேன். ஒன்பது மேசைகளில் வேலை தொடங்கியது. மூன்றில் தொடங்கவில்லை. அளவெட்டியிலிருந்து வந்து படித்த மாணவி ஒருத்தி கையை உயர்த்தினாள்.

"சேர், என்ர மிசினில வி.ரி.-எக்ஸ் இல்லையெண்டு சொல்லுது. பக்கத்து மிசினும் இதே கோர் 2 டுவோதானே?"

வகுப்பு முடிந்தபின் அந்தக் கணினியின் மூடியைக் கழற்றினேன். விசிறியையும் அதன் கீழிருந்த அலுமினியத் துண்டையும் எடுத்து, காய்ந்து இறுகிப்போன பசையைத் துணியால் துடைத்தபோது புரொசசரின் முதுகில் எழுத்துத் தெரிந்தது: ஈ4500. மற்ற ஒன்பதிலும் ஈ6550. இரண்டும் இன்டெல் செய்தவை, இரண்டுக்கும் இரண்டிரண்டு கருக்கள், இரண்டும் 64 பிற். ஆனால் ஒரு கணினியைப் பல கணினிகளாகப் பங்கிடுவதற்கு வேண்டிய வி.ரி.-எக்ஸ் என்ற வசதியை விலை குறைந்த ஈ4500 இல் இன்டெல் கொடுக்கவில்லை. பெட்டியைப் பார்த்தோ ஒட்டுத்தாளைப் பார்த்தோ அதை யாரும் அறிய முடியாது.

அந்தப் பிள்ளைக்கு அன்று பாதி மறுமொழிதான் சொன்னேன். முழு மறுமொழிக்கு 1964 வரை போகவேண்டும்.

அந்த ஆண்டு அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜில் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வு நிலையமொன்றில் ரொபேட் கிறீசியும் கூட்டாளிகளும் 'சி.பி.-40' என்ற முறைமையைக் கட்டத் தொடங்கினார்கள். அன்றைய கணினி ஒரு அறையை அடைக்கும். ஒரு நிறுவனத்தின் ஆண்டு வரவுசெலவையே விழுங்கும். அதை ஒருவர் மட்டும் பாவிப்பது கட்டாது. 1967 தொடக்கத்தில் அது வேலைக்கு வந்தபோது ஒரே இயந்திரம் 14 இயந்திரங்கள் போல நடந்துகொண்டது. அதில் இருந்த 14 பேரில் ஒவ்வொருவருக்கும் முழுக் கணினியும் தன்னுடையது என்றே தோன்றும். இதன் வழிவந்த வி.எம்./370 ஐ ஐ.பி.எம். வெளியே அறிவித்தது 1972 ஓகஸ்ற் மாதத்தில். இலங்கை குடியரசாகி இரண்டு மாதம் கடந்த வேளை.

இந்தப் பங்கீட்டைச் செய்யும் மென்பொருளுக்குப் பின்னாளில் ஹைப்பர்வைசர் என்ற பெயர் நிலைத்தது. அதற்குள் ஓடும் பணிசெயல் முறைமையை விருந்தாளி என்பார்கள். தந்திரம் இதுதான். விருந்தாளியை அதிகாரம் குறைந்த படியில் இருத்திவிட வேண்டும். இரண்டும் இரண்டும் நாலு என்று கூட்டுகிற சாதாரணக் கட்டளைகளை அது நேராகப் புரொசசரிலேயே ஓட்டலாம், யாரும் குறுக்கிடமாட்டார்கள். ஆனால் நினைவகத்தின் எல்லையை மாற்றுவது, குறுக்கீடுகளை நிறுத்துவது போன்ற முதலாளிக் கட்டளை எதையாவது அது ஓட்டப் பார்த்தால், புரொசசர் அந்த இடத்திலேயே நின்று ஒரு 'விதிவிலக்கை' எழுப்பும். அதாவது கத்தும். அந்தச் சத்தத்தைக் கேட்டு ஹைப்பர்வைசர் எழுந்து வரும். விருந்தாளி என்ன கேட்டது என்று பார்க்கும். உண்மையான இயந்திரத்தில் கை வைக்காமல், அந்த விருந்தாளிக்கென்று வைத்திருக்கும் கணக்கேட்டில் மட்டும் மாற்றத்தை எழுதும். பிறகு விட்ட இடத்திலிருந்து ஓடவிடும். தன் கட்டளை நிறைவேறியது என்பதைத் தவிர விருந்தாளிக்கு வேறொன்றும் தெரியாது.

1974 ஜூலையில் ஜெரால்ட் பொப்பெக், ரொபேட் கோல்ட்பேர்க் என்ற இருவர் இதற்கு ஒரு சூத்திரம் எழுதினார்கள். அந்த ஆண்டுதான் எங்கள் திருநெல்வேலியில், இராமநாதன் கட்டிய பரமேஸ்வராக் கல்லூரி வளவில், இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகமும் தொடங்கியது. அவர்கள் சொன்னதைச் சுருக்கினால் ஒரு வரிதான் வரும்: இயந்திரத்தின் நிலையைத் தொடுகிற, அல்லது அந்த நிலையைப் பொறுத்து நடக்கிற ஒவ்வொரு கட்டளையும், அதிகாரமில்லாதவன் ஓட்டும்போது கட்டாயம் விதிவிலக்கை எழுப்ப வேண்டும். ஒன்றுகூட மௌனமாகத் தப்பக்கூடாது.

இதை நான் முதன்முதல் வாசித்தபோது ஐயாவின் குரல்தான் காதில் கேட்டது.

எங்கள் ஊர் உரும்பிராய். எங்கள் தோட்டக் கிணறு ஐயாவுக்கும் பெரியப்பாவுக்கும் மாமிக்குமாக மூன்று பங்கு. ஒல்லாந்தர் 1707 இல் தேசவழமையை எழுத்தில் தொகுத்த காலத்துக்கும் முந்திய வழக்கம் அது. கிணற்றில் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் காணியோடு சேர்ந்து பிள்ளைகளுக்குப் போகும், உறுதியிலும் அப்படியே எழுதுவார்கள். ஒரு கிணறு, மூன்று தோட்டம், முறை வைத்து இறைப்பு. உன் முறை நாளில் கிணறு முழுக்க உன்னுடையது. துலா மிதித்த காலத்தை நான் காணவில்லை, எனக்குத் தெரிந்தது மண்ணெண்ணெய் மிசின்தான். ஐயா மிசினடியில் நிற்பார், நான் மண்வெட்டியோடு பாத்திக்குப் பாத்தி தண்ணி மாறுவேன்.

வாய்க்கால் வரம்பு சிலவேளை உடைக்கும். உடைத்தால் தண்ணீர் பெரியப்பாவின் தரிசுக்குள் போய்விடும். எங்கள் செம்மண் சத்தமில்லாமல் குடித்துவிடும், மேலே ஈரம்கூடத் தெரியாது. ஒரு நாள் வரம்பு உடைத்ததைக் கண்டும் பயத்தில் நான் சொல்லவில்லை. மண்ணை அள்ளி ஏதோ பூசிவிட்டு நின்றேன். ஐந்தாம் நாள் கடைசி மூன்று பாத்தி வெங்காயமும் வாடிக் கிடந்தது. ஐயா அடிக்கவில்லை.

"உடைக்கிறது பிழையில்லையடா. உடைச்ச உடன கத்து. நீ கத்தாட்டி எங்க உடைச்சதெண்டு ஆருக்குத் தெரியும்?"

பொப்பெக்கும் கோல்ட்பேர்க்கும் நிறுவியது இதைத்தான் என்பது என் கருத்து. பங்கிட்டு வாழ்கிற இடத்தில் பிழை நடப்பது ஆபத்தில்லை. பிழை மௌனமாக நடப்பதுதான் ஆபத்து.

ஐ.பி.எம். இன் பெரிய கணினிகள் இந்தச் சூத்திரத்துக்குக் கிட்டத்தட்டப் பொருந்தியே வளர்ந்தன. உலகம் முழுக்கப் பரவியதோ வேறொரு குடும்பம். 1981 ஓகஸ்ற் 12 ஆம் திகதி, எங்கள் யாழ்ப்பாண நூலகம் எரிந்து பத்துக் கிழமை கழித்து, ஐ.பி.எம். தன் தனியாள் கணினியை வெளியிட்டது. அதற்குள் இருந்தது இன்டெலின் 8088. அந்தப் புரொசசரில் அதிகாரப் படிகளே கிடையா. எவரும் எதையும் செய்யலாம். 1985 ஒக்ரோபரில் வந்த 386 இல் நாலு படிகள் இருந்தன. அதோடு அருமையான இன்னொரு வசதியும் இருந்தது: பழைய 8086 க்கென்று எழுதிய டொஸ் நிரல்களைத் தனித்தனிக் கூடுகளுக்குள் ஓட்டும் 'மெய்நிகர் 8086' நிலை. கூட்டுக்குள் இருக்கும் நிரல் குறுக்கீடுகளை நிறுத்தப் பார்த்தால் 13 ஆம் இலக்க விதிவிலக்கு எழும், கண்காணிக்கும் மென்பொருள் வந்து கவனிக்கும். 1974 இன் சூத்திரம் அப்படியே.

இங்கேதான் எனக்கு இன்றும் மனம் ஆறாத விசயம் இருக்கிறது. தாத்தாவான 8086 ஐப் பங்கிடுவதற்கு வழி செய்த அதே புரொசசர், தன்னையே பங்கிடுவதற்கு வழி வைக்கவில்லை. அதன் சொந்தக் கட்டளைகளில் சில கத்தாமல் தப்பின.

ஒன்றைக் கிட்ட வைத்துப் பார்ப்போம். 'பொப்எஃப்' என்ற கட்டளை அடுக்கிலிருந்து ஒரு சொல்லை எடுத்துப் புரொசசரின் கொடிப் பதிவேட்டில் போடும். அந்தப் பதிவேட்டில் 9 ஆவது பிற் குறுக்கீட்டுக் கொடி. அது 1 என்றால் விசைப்பலகை, கடிகாரம் எல்லாம் புரொசசரைத் தட்டிக் கூப்பிடலாம். 0 என்றால் கூப்பிட முடியாது. அதிகாரம் உள்ள படியில் பொப்எஃப் ஓடினால் கொடி மாறும். அதிகாரம் இல்லாத படியில் ஓடினால் விதிவிலக்கு எழவேண்டும் அல்லவா? எழாது. சாதாரணக் கொடிகளை மாற்றும், குறுக்கீட்டுக் கொடியைத் தொடாமல் விட்டுவிட்டு அடுத்த கட்டளைக்குப் போய்விடும். விருந்தாளி 'நான் குறுக்கீட்டை நிறுத்திவிட்டேன்' என்று நம்பி மேலே ஓடும். ஹைப்பர்வைசருக்கு எதுவுமே தெரியவராது. செம்மண் குடித்த தண்ணீர் மாதிரி.

இப்படிப்பட்ட கட்டளைகள் எத்தனை என்று 2000 ஆம் ஆண்டில் ஜோன் ஸ்கொற் ரொபின், சிந்தியா எர்வைன் இருவரும் 386 இன் வழிவந்த பென்ரியம் புரொசசரின் கட்டளைகள் அனைத்தையும் ஒவ்வொன்றாகச் சோதித்து எண்ணினார்கள். 17.

386 உலகெங்கும் மேசைகளில் ஏறிய அந்த ஆண்டுகளில் எங்கள் குடாநாட்டில் மேசையில் இருந்தது ஜாம் போத்தல் விளக்கு. 1990 ஜூனில் சண்டை மறுபடி தொடங்கியதோடு கறண்ட் போனது. மண்ணெண்ணெயை மிச்சம் பிடிக்க, போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சும் திரியும் எண்ணெயும் வைத்துப் படித்தோம். பற்றறி தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைக் கவிழ்த்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் றேடியோச் செய்தி கேட்டோம். கணினி என்பதை நான் ஒரு பழைய ஆங்கிலப் புத்தகத்தின் படத்தில்தான் கண்டேன். கையால் தொடக் கிடைத்தது 1997 இல், அதுவும் கொழும்பில்.

ஆனாலும் அந்தக் காலம் ஒரு தொழிலைக் கற்றுத்தந்தது. பெற்றோலில் ஓடச் செய்த எஞ்சினை மண்ணெண்ணெயில் ஓட்டும் தொழில். எஞ்சின் மண்ணெண்ணெயில் எழும்பாது. எங்கள் மெக்கானிக்குகள் சில துளி பெற்றோலைக் காட்டி எஞ்சினை எழுப்புவார்கள், சூடு ஏறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். எஞ்சினைச் செய்த கொம்பனி அப்படி ஓடும் என்று சொல்லியிருக்கமாட்டாது. ஓடியது.

1999 இல் விஎம்வெயார் செய்த வேலையை நான் அந்த மெக்கானிக்குகளின் வரிசையில்தான் வைப்பேன். ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தின் மெண்டல் ரொசன்புளூமும் அவர் மனைவி டயான் கிறீனும் மற்ற மூவரும் 1998 இல் தொடங்கிய நிறுவனம் அது. சூத்திரத்துக்குப் பொருந்தாத புரொசசரை அவர்கள் பங்கிட்டார்கள். விருந்தாளியின் கருநிரலை அது ஓடுவதற்குச் சற்று முன்னால் துண்டு துண்டாக வாசித்து, பொப்எஃப் போன்ற மௌனக் கட்டளைகள் வரும் இடங்களில் வேறு கட்டளைகளை மாற்றி எழுதி, அந்தப் பிரதியை ஓடவிட்டார்கள். கத்தத் தெரியாத இடத்துக்கெல்லாம் ஒரு வாயை வைத்துத் தைத்தது போல. 2003 இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜிலிருந்து வந்த சென் என்ற ஹைப்பர்வைசர் வேறு வழி எடுத்தது: விருந்தாளியின் மூலநிரலையே திருத்தி, 'இந்த வேலை வேண்டுமென்றால் நேரே என்னைக் கேள்' என்று பழக்கியது.

வன்பொருள் கடைசியாகத்தான் இறங்கி வந்தது. 2005 நவம்பரில் பென்ரியம் 4 வரிசையின் 662, 672 ஆகிய இரண்டு புரொசசர்களில் இன்டெல் வி.ரி.-எக்ஸைக் கொண்டுவந்தது, அடுத்த மே மாதம் ஏ.எம்.டி. தன் பங்குக்குச் செய்தது. 386 வந்து இருபது ஆண்டுகள். அந்த மாணவியின் ஈ4500 இல் இல்லாமல் போனது இதுதான்.

இதன் அமைப்பு எனக்கு மிகவும் பிடிக்கும். விருந்தாளியின் ஒவ்வொரு மெய்நிகர் புரொசசருக்கும் நினைவகத்தில் ஒரு பக்கம் ஒதுக்கப்படும். அதில் விருந்தாளியின் நிலை, ஹைப்பர்வைசரின் நிலை இரண்டும் இருக்கும். நடுவில் 32 பிற் நீளமான ஒரு சிறிய புலம் உண்டு. விதிவிலக்குகளின் பிற்படம் என்று சொல்லலாம். புரொசசரின் விதிவிலக்குகளுக்கு 0 முதல் 31 வரை இலக்கம் இருக்கிறது: 3 நிறுத்தப் புள்ளி, 6 அறியாத கட்டளை, 13 பொதுப் பாதுகாப்பு மீறல், 14 பக்கப் பிழை. எந்த இலக்கத்தின் பிற்றை 1 ஆக்குகிறோமோ அந்த விதிவிலக்கு விருந்தாளிக்குள் எழுந்ததும் புரொசசர் வெளியே வந்து ஹைப்பர்வைசரிடம் கையளிக்கும். 0 என்றால் விருந்தாளியே தன் வீட்டுப் பிரச்சினையைப் பார்த்துக்கொள்ளும். வெளியே வரும்போது என்ன இலக்கம், என்ன பிழைக்குறி, பக்கப் பிழை என்றால் எந்த முகவரி என்பதையெல்லாம் அந்தப் பக்கத்தில் எழுதிவைத்துவிட்டே வரும். ஹைப்பர்வைசர் தானே தீர்க்கலாம். அல்லது 'இது உன்னுடையதுதான்' என்று அதே விதிவிலக்கை விருந்தாளிக்குள் திருப்பிச் செலுத்தலாம். அதற்கும் ஒரு புலம் வைத்திருக்கிறார்கள்.

தொடக்கத்தில் இது வேகமாக இருக்கவில்லை. 2006 இல் விஎம்வெயாரைச் சேர்ந்த கீத் அடம்ஸும் ஒலி அகேசனும் அளந்து பார்த்து, பல வேலைகளில் தங்கள் பழைய மாற்றி எழுதும் முறையே முந்துகிறது என்று காட்டினார்கள். நினைவகத்தின் எந்தப் பக்கம் எங்கே என்று காட்டும் பக்க அட்டவணையை விருந்தாளி தொடும்போதெல்லாம் வெளியே வரவேண்டியிருந்ததே முக்கிய காரணம். 2007 இல் ஏ.எம்.டி.யும் 2008 இல் இன்டெலும் புரொசசருக்குள்ளேயே இரண்டாவது பக்க அட்டவணையை வைத்தார்கள். அதன்பின் 14 ஆவது பிற்றைப் பெரும்பாலும் 0 ஆகவே விடலாம். விருந்தாளியின் பக்கப் பிழை விருந்தாளியோடு முடிந்தது.

புரொசசரின் வசதிகளைக் காட்டுவதிலும் இதே ஒழுங்கு. 'உன்னிடம் என்ன என்ன இருக்கிறது?' என்று புரொசசரைக் கேட்பதற்கு சி.பி.யூ.ஐ.டி. என்ற கட்டளை உண்டு. பழைய முறையில் அதுவும் மௌனமானது, உண்மையை அப்படியே சொல்லிவிடும். வி.ரி.-எக்ஸில் விருந்தாளி அதைக் கேட்கும் ஒவ்வொரு தடவையும் கட்டாயம் வெளியே வரும். ஹைப்பர்வைசர் தான் தீர்மானித்த மறுமொழியைக் கொடுக்கும். புதிய சேர்வரில் உள்ள புதுக் கட்டளைத் தொகுதியை மறைத்து, பழைய சேர்வரில் இருப்பதை மட்டும் சொல்லும். ஓடிக்கொண்டிருக்கும் விருந்தாளியை நாளைக்குப் பழைய சேர்வருக்கு மாற்றினாலும் அது 6 ஆம் இலக்க விதிவிலக்கில் விழாமல் இருப்பதற்காகச் செய்யும் ஏற்பாடு அது.

கத்துவதும் அளவோடு இருக்கவேண்டும் என்பதை 2015 நவம்பர் காட்டியது. 17 ஆம் இலக்க விதிவிலக்கு, நினைவக முகவரி ஒழுங்காக வரிசைப்படாதபோது எழுவது. அது எழுந்ததும் அதைக் கையாளும் நிரலுக்காகப் புரொசசர் சில சொற்களை அடுக்கில் எழுதும். அந்த அடுக்கே ஒழுங்கில்லாத முகவரியில் இருந்தால்? எழுதும் வேலையே மறுபடி 17 ஐ எழுப்பும். அதை அறிவிக்க எழுதும்போது மறுபடியும் 17. புரொசசர் தன் உள்ளேயே சுற்றிக்கொண்டு நிற்கும். வெளியிலிருந்து வரும் குறுக்கீட்டுக்குக்கூடக் காது கொடுக்காது. வேண்டுமென்றே இப்படிச் செய்யும் ஒரு விருந்தாளி, தன்னோடு ஓடும் எல்லா விருந்தாளிகளையும் வீட்டுக்காரனையும் சேர்த்து முடக்கிவிடும். 1 ஆம் இலக்கத்திலும் இதே ஓட்டை இருந்தது. கே.வி.எம்., சென் முதலிய பல ஹைப்பர்வைசர்களும் பாதிக்கப்பட்டன.

மருந்து மிகச் சிறியது: பிற்படத்தில் 1 ஆவது பிற்றையும் 17 ஆவது பிற்றையும் 1 ஆக்குவது. முதல் சத்தத்திலேயே வெளியே வந்துவிடும், சுழலாது. அந்த நாட்களில் நான் சில சேர்வர்களைப் பராமரித்துக்கொண்டிருந்தேன். திருத்தத்தைப் போட்டு ஒவ்வொன்றாக நிறுத்தி எழுப்பியது இரவு பதினொரு மணிக்கு. மாற்றப்பட்ட நிரல் வரிகளைத் திறந்து வாசித்தேன், விரல்விட்டு எண்ணக்கூடியவை. வெங்காயப் பாத்தியடியில் நின்ற பெடியனுக்கு ஐயா சொன்னது முழுவதும் அந்த வரிகளில் இருந்தது.

அந்த மூன்று ஈ4500 கணினிகளையும் நாங்கள் விற்கவில்லை. ஒவ்வொரு புது வகுப்புக்கும் முதல் நாள் அவற்றைத்தான் எழுப்பிக் காட்டுகிறேன். கே.வி.எம். ஐ ஏற்றச் சொல்லுவேன். வன்பொருள் ஆதரவு இல்லை என்று சொல்லும். பக்கத்து ஈ6550 இல் பயோஸுக்குள் போய் அந்த வசதியைப் பூட்டிவிட்டு ஏற்றச் சொல்லுவேன். பயோஸ் தடுத்திருக்கிறது என்று சொல்லும். இல்லாததற்கும் பூட்டியதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பிள்ளைகள் கண்ணால் காண்பார்கள். அதன் பிறகுதான் பாடம்.

ஆனால் 386, பென்ரியம், பென்ரியம் 4 எதுவும் எங்களிடம் இல்லை. போரில் பாதி போயிற்று, மிச்சம் பழைய இரும்போடு போகிறது. வலிகாமத்திலோ வடமராட்சியிலோ தென்மராட்சியிலோ தீவுப் பகுதியிலோ உங்கள் வீட்டுப் பரணில் 2005 க்கு முந்திய கணினி ஒன்று தூசி பிடித்துக் கிடந்தால், தயவுசெய்து இரும்புக்காரருக்கு நிறுத்துக் கொடுத்துவிடாதீர்கள். எழும்பாவிட்டாலும் பரவாயில்லை. உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தகவல் தொழில்நுட்பம் படிப்பிக்கிற ஆசிரியரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள்.